ஏ.எம்.மா, குறுகிய எஃப்.எம்.மா? அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிக்கும் வழிமுறை

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் குரலைப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு மாலை மொட்டை மாடியில் லேப்டாப்பும் எஸ்.டி.ஆர். டாங்கிளுமாக (லேப்டாப்பை ரேடியோ ரிசீவராக்கும் சின்னக் கருவி) நின்றேன். அலைவெண் 145.800 மெகாஹெர்ட்ஸ், நேரம், திசை எல்லாம் சரி. நிலையம் அடிவானத்தை விட்டு ஏறிய கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. கரகரப்புதான், ஆனால் சொற்கள் புரிந்தன. அது தலைக்கு மேலே நெருங்க நெருங்க சிக்னல் ஏறியது; குரல் மட்டும் குழறிக்கொண்டே போனது. உச்சியில் இருந்தபோது ஒரு சொல்கூடப் புரியவில்லை. மறுபக்கம் இறங்கும்போது மறுபடி புரிந்தது.

அன்று இரவு ஆன்டெனாவைத் திட்டினேன், கேபிளைத் திட்டினேன். பிறகு எனக்கு ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) பழக்கிய அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே வரி: "தம்பி, ஓரத்துல புரிஞ்சு நடுவுல குழறிச்சுன்னா ஏ.எம்.ல வச்சிருக்க, போய்ப் பாரு." பார்த்தேன். முந்தின நாள் 27 மெகாஹெர்ட்ஸில் ஏ.எம். கேட்டுவிட்டு மோடை மாற்றவே இல்லை.

திரையைப் பார்க்காமலே அவர் எப்படிச் சொன்னார் என்பதுதான் இந்த வழிமுறை. அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு படத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் தூரத்தில் ஒருவர் அரிக்கேன் விளக்கோடு நிற்கிறார். திரியை ஏற்றி இறக்கிச் செய்தி சொன்னால் அது ஏ.எம். (வீச்சுப் பண்பேற்றம், குரலை அலையின் பலத்தில் ஏற்றுவது): வெளிச்சம் மாறுகிறது, விளக்கு இடத்தை விட்டு நகரவில்லை. திரியைத் தொடாமல் விளக்கை இடமும் வலமும் ஆட்டினால் அது எஃப்.எம். (அலைவெண் பண்பேற்றம், குரலை அலைவெண்ணில் ஏற்றுவது): இடம் மாறுகிறது, வெளிச்சம் மாறவில்லை. ஏ.எம். ரிசீவர் வெளிச்சத்தை மட்டும் பார்க்கும். எஃப்.எம். ரிசீவர் இடத்தை மட்டும் பார்க்கும். வெளிச்ச மாற்றத்தை லிமிட்டர் என்ற பகுதி வேண்டுமென்றே வெட்டி எறிந்துவிடும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, ஒருவர் ஆட்டுவதை இன்னொருவர் வெளிச்சமாகப் படிக்கப் பார்ப்பதால் வருபவைதான்.

"குறுகிய" என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. பாட்டு கேட்கும் எஃப்.எம். நிலையம் தன் அலைவெண்ணை 75 கிலோஹெர்ட்ஸ் வரை இருபுறமும் ஆட்டும். ஹாம் வானொலி, கடல்சார் வி.எச்.எஃப்., வாக்கிடாக்கி எல்லாம் ஆட்டுவது 5 அல்லது 2.5 கிலோஹெர்ட்ஸ். நாம் என்.எஃப்.எம். என்று சொல்வது இதைத்தான். பாடப்புத்தகம் சொல்லும் குறுகிய எஃப்.எம். இதைவிடவும் சின்ன ஆட்டம். பண்பேற்றக் குறியீட்டெண், அதாவது ஆட்டத்தின் அளவைக் குரலின் அலைவெண்ணால் வகுத்தால் வருவது, ஒன்றைவிட மிகக் குறைவு. கல்லூரியில் படித்ததை வைத்துக்கொண்டு வாக்கிடாக்கி சிக்னலைப் பார்ப்பவர் "இது புத்தகத்தில் இருந்ததுபோல் இல்லையே" என்று குழம்புவது இதனால்தான்.

சிக்னல் பலம், குரல் குழறல்

மாடியில் எனக்கு நடந்தது இதுதான்: எஃப்.எம். சிக்னலை ஏ.எம். மோடில் கேட்பது.

விளக்கை ஆட்டுபவரை ஒரு வாசல் வழியாகப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் கதவின் ஓரத்தில் நின்றால், ஒரு பக்கம் ஆட்டும்போது விளக்கு தெரியும், மறுபக்கம் ஆட்டும்போது மறையும். ஆட்டம் உங்களுக்கு வெளிச்ச மாற்றமாகவே படுகிறது, அதனால் செய்தி ஓரளவு புரியும். அவரே வாசலுக்கு நடுவில் நின்றால் விளக்கு இரண்டு ஓரத்திலும் மங்கும்: ஒரு முறை ஆட்டினால் இரண்டு முறை மங்கல். குரலின் ஒவ்வொரு அதிர்வும் இரண்டாகக் கேட்டால் எப்படிப் புரியும்?

அந்த வாசல்தான் ரிசீவரின் ஃபில்டர். விண்வெளி நிலையம் நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் 145.800-இல் சிக்னல் ஏறக்குறைய 3.5 கிலோஹெர்ட்ஸ் மேலே தெரியும், விலகிப் போகும்போது அதே அளவு கீழே. என் ஏ.எம். ஃபில்டர் நடுவிலிருந்து பக்கத்துக்கு 4 கிலோஹெர்ட்ஸ். ஆக, தொடக்கத்திலும் முடிவிலும் சிக்னல் கதவோரம், உச்சியில் வாசல் நடு. ஓரத்தை வைத்து இப்படி எஃப்.எம். கேட்பதற்கு ஸ்லோப் டிடெக்ஷன் என்று பெயர். எஃப்.எம். வசதி இல்லாத பழைய ரிசீவர்களில் இதைத் தந்திரமாகவே பயன்படுத்துவார்கள்.

செய்ய வேண்டியது: மோடை மாற்றும் முன் ஒரு சோதனை. டியூனிங்கை 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கவாட்டில் நகர்த்துங்கள். குரல் தெளிந்தால் அது எஃப்.எம். சிக்னல்; என்.எஃப்.எம்.முக்கு மாற்றிவிட்டு நடுவுக்கு வாருங்கள். உண்மையான ஏ.எம். சிக்னலாக இருந்தால் நகர்த்துவதால் குரல் மெலிந்து கீச்சென்று ஆகுமே தவிரத் தெளியாது.

இரைச்சல் அடங்குகிறது, குரல் வரவில்லை

மேலே சொன்னதற்கு நேர்மாறு. ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) திறந்திருக்கிறது, யாரோ பட்டனை அழுத்தியதும் உஸ்ஸென்ற இரைச்சல் சட்டென்று அடங்குகிறது, மீட்டர் எகிறுகிறது, ஆனால் பேச்சு இல்லை. பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம். பேசுகிறார்கள்தான், ஏ.எம்.மில் பேசுகிறார்கள். என்.எஃப்.எம். ரிசீவருக்கு விளக்கு அசையவில்லை, அவ்வளவே.

சில சமயம் பேச்சின் தாளத்தில் ஒரு கரகரப்பு மட்டும் கேட்கும். ஆழமாக ஏ.எம். செய்யும்போது அலையின் வீச்சு சில நொடித்துணுக்குகளில் பூஜ்யத்தை நெருங்கும். அந்த இடைவெளியில் ரிசீவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இரைச்சல் உள்ளே பாயும். பேசுபவரின் அழுத்தத்துக்கேற்ப "கர்... கர்கர்..." என்று வரும். மோடை ஏ.எம்.முக்கு மாற்றினால் குரல் முழுசாக வந்து நிற்கும்.

118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமானப் பட்டையில் இந்தக் கோளாறு அதிகம், ஏனென்றால் அங்கே பேச்சு முழுவதும் ஏ.எம். (கேட்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டன்போல் அனுமதியில்லாமல் கேட்பதே குற்றமாக உள்ள நாடுகள் உண்டு.) பாட்டு கேட்கும் பழைய எஃப்.எம். ரேடியோவில் எப்போதாவது விமானி குரல் ஒன்று சன்னமாகக் கேட்டதாகச் சிலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை அல்ல. அந்த ரேடியோக்களின் இடைநிலை அலைவெண் (வரும் சிக்னலை உள்ளே மாற்றிக்கொள்ளும் அலைவெண்) 10.7 மெகாஹெர்ட்ஸ், அதனால் நீங்கள் வைத்த இடத்திலிருந்து 21.4 தள்ளி ஒரு பிம்பம் விழும். 102-இல் வைத்தால் 123.4 எட்டிப் பார்க்கும். சன்னமாகக் கேட்பதற்குக் காரணம் தூரம் மட்டுமல்ல, எஃப்.எம். ரேடியோ ஏ.எம்.மைப் பிழிந்து கேட்பதும்தான்.

திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன

கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் வந்து முட்டிக்கொள்வது இங்கேதான். வாட்டர்ஃபாலில் (சிக்னல் வலிமையை ஓடும் படமாக வரையும் திரை) நடுவே ஒரு கோடு, அதுதான் குரலைச் சுமக்கும் ஊர்தி அலை; இரண்டு பக்கமும் குரலால் உண்டாகும் பக்கப்பட்டை. ஏ.எம்.மும் அப்படி, குறுகிய எஃப்.எம்.மும் அப்படி. கண்ணில் குறையில்லை. ஆட்டம் சின்னதாக இருக்கும்போது எஃப்.எம்.முக்கும் ஏ.எம்.மைப் போலவே ஒரு ஜோடிப் பக்கப்பட்டைதான். அகலமும் அதேதான், குரல் அலைவெண்ணைப்போல் இரு மடங்கு.

வித்தியாசம் இருப்பது கட்டத்தில் (phase, அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது). ஊர்தி அலையை ஓர் அம்பாக வரைந்தால், ஏ.எம்.மின் பக்கப்பட்டைகள் இரண்டும் சேர்ந்து அம்பின் திசையிலேயே கூட்டும், கழிக்கும். அம்பு நீண்டு சுருங்கும். எஃப்.எம்.மில் அதே பக்கப்பட்டைகள் அம்புக்குச் செங்குத்தாகத் தள்ளும். அம்பு நீளம் மாறாமல் இடவலமாக அசையும். இரண்டுக்கும் நடுவே 90 பாகை. வாட்டர்ஃபால் வலிமையை மட்டும் வரைகிறது, கட்டத்தை வரைவதில்லை. தெரியாத ஒன்றைத் திரையில் தேடிப் பயனில்லை. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1930களில் எஃப்.எம். உண்டாக்கிய வழியே இதுதான்: பக்கப்பட்டைகளைத் தனியாக எடுத்து, 90 பாகை திருப்பிய ஊர்தி அலையோடு சேர்த்தார். அப்படிக் கிடைத்த சின்ன ஆட்டத்தை அலைவெண் பெருக்கிகளால் பெரிதாக்கிக்கொண்டார்.

அப்படியானால் கண்ணால் பிரிக்கவே முடியாதா? நடைமுறையில் முடியும், ஏனென்றால் நம் வாக்கிடாக்கிகள் பாடப்புத்தக அளவுக்கு அடக்கமாக ஆட்டுவதில்லை. திரையின் அகலத்தை 20, 30 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். சராசரி எடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது எல்லாவற்றையும் மழுப்பிவிடும். இப்போது நடுக்கோட்டை மட்டும் பாருங்கள். பேசும்போதும் பேசாதபோதும் அது ஒரே பிரகாசத்தில் ஆணி அடித்ததுபோல் நின்று, இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பமாக மலர்ந்தால் ஏ.எம். பேசாதபோது ஒற்றைக் கோடாக இருந்து, பேசத் தொடங்கியதும் கோடே கலைந்து பரந்து, உரத்த சொல்லில் காணாமலும் போனால் எஃப்.எம்.

ஒரு பொறி. பேசாதபோதும் நடுக்கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள் இருந்தால், மின்சார உறுமல் கலந்த ஏ.எம். என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரிப்பீட்டரைத் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) திறக்க எஃப்.எம். செட்டுகள் காதுக்கு எட்டாத சன்னத் தொனி ஒன்றைக் கூடவே அனுப்பும், 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை. அந்த வரிசையில் 100.0 ஹெர்ட்ஸும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் உறுமல் 100. இரண்டும் திரையில் அச்சு அசல் ஒன்றே. சிக்னலை நடுவில் வைத்து ஏ.எம்.மில் கேளுங்கள்: உறுமல் கேட்டால் உறுமல்தான், தொனியாக இருந்தால் ஏ.எம்.மில் ஏறக்குறைய மறைந்து, என்.எஃப்.எம்.மில் அடித்தொண்டைச் சத்தமாகத் தலைகாட்டும்.

மெதுவாகப் பேசினால் சரி, உரத்தால் உடைகிறது

மோடு சரிதான், வாசல் சிறியது. 5 கிலோஹெர்ட்ஸ் ஆட்டமும் 3 கிலோஹெர்ட்ஸ் வரை குரலும் உள்ள சிக்னலுக்கு வேண்டிய அகலத்தைக் கார்சன் விதி சொல்கிறது: இரண்டையும் கூட்டி இரட்டிப்பாக்கினால் 16 கிலோஹெர்ட்ஸ். 2.5 கிலோஹெர்ட்ஸ் ஆட்டத்துக்கு 11. முதல் வகை சிக்னலை 11 அகல ஃபில்டரில் கேட்டால் உரத்த எழுத்துகளில் விளக்கு வாசலுக்கு வெளியே போய்விடும், அந்த இடத்தில் "டப்" என்று வெட்டு விழும். ஃபில்டரை அகலப்படுத்துங்கள்.

அகலப்படுத்தியும் உடைகிறதா? நடுவில் இல்லை என்று அர்த்தம். மலிவு டாங்கிளின் படிகத்தில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை இருந்தால் 145 மெகாஹெர்ட்ஸில் அது 7.25 கிலோஹெர்ட்ஸ் தவறு. பாதி வாசல் போயிற்று. டாங்கிள் சூடாக ஒரு கால் மணி நேரம் விட்டு, இடம் உறுதியாகத் தெரிந்த ஒரு சிக்னலை வைத்து பி.பி.எம். திருத்தம் போடுங்கள். குளிர்ந்த டாங்கிளில் திருத்தினால் அரை மணியில் மறுபடி நகர்ந்திருக்கும். நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். விண்வெளி நிலையத்தின் 437.800 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டரைக் கேட்பவர்களுக்கு டாப்ளரே 10 கிலோஹெர்ட்ஸ் வரை இழுக்கும், அதனால் கையாலோ மென்பொருளாலோ தொடர்ந்து பின்தொடர வேண்டும்.

ஏ.எம்.மில் இதே அறிகுறி வந்தால் கதை வேறு. அங்கே உடைவது அனுப்புபவரின் பக்கம்: 100 சதவீதத்தைத் தாண்டிப் பண்பேற்றம் செய்து அலையையே வெட்டுகிறார். உங்கள் ஃபில்டரை என்ன செய்தாலும் அது சரியாகாது.

குரல் தெளிவு, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிவு

2.5 ஆட்டத்தை 5-க்கு அமைத்த ரிசீவரில் கேட்கிறீர்கள். சத்தம் பாதி, அதாவது 6 டெசிபெல் குறைவு. மெனுவில் அகலம், குறுகல் என்ற தேர்வைச் சரிசெய்தால் போதும். இதைவிட மிகச் சன்னமாக, இரைச்சலுக்கு நடுவே கேட்டால் பாட்டு கேட்கும் அகல எஃப்.எம். மோடில் இருக்கிறீர்கள்: 75-க்குப் பழகிய காதுக்கு 5 என்பது பதினைந்தில் ஒரு பங்கு.

சீட்டி அடிக்கிறது

குரலுக்கு மேல் நிலையான விசில் கேட்டால் ஏ.எம். பட்டையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். இரண்டு ஊர்தி அலைகளின் வித்தியாசம்தான் அந்த விசில். 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் சீட்டி. பக்கத்து மத்திய அலை நிலையத்தின் விசில் என்றால், நம் பகுதியில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் அது 9 கிலோஹெர்ட்ஸ் கீச்சாக வரும். ஃபில்டரைச் சுருக்கினால் போய்விடும்.

எஃப்.எம்.மில் இந்த விசில் பொதுவாக வராது. பலமானவர் பலவீனமானவரை அப்படியே மூடிவிடுவார். கேட்க வசதி, ஆனால் மூடப்பட்டவர் பேசியதே யாருக்கும் தெரியாது. விமானப் பட்டை ஏ.எம்.மிலேயே நிற்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று: இரண்டு விமானிகள் ஒன்றாகப் பேசினால் கோபுரத்தில் இருப்பவருக்கு விசிலாவது கேட்க வேண்டும். ரிப்பீட்டரில் "நான் கூப்பிட்டேன், யாரும் மதிக்கவில்லை" என்று கோபப்படும் புதியவர்கள் பலர், பக்கத்து வீட்டுப் பலசாலியால் மூடப்பட்டவர்கள்தான்.

நேற்று வரை தெளிவு, இன்று ஒன்றுமே இல்லை

ஏ.எம். சிக்னல் பலவீனமாகும்போது படிப்படியாக இரைச்சலில் அமிழும். கூர்ந்து கேட்டால் கடைசிவரை ஒன்றிரண்டு சொல் கிடைக்கும். எஃப்.எம். அப்படியல்ல. சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 10 டெசிபெல் மேலே இருக்கும்வரை பளிங்குபோல் இருக்கும். அதற்குக் கீழே போனால் முதலில் சோளப்பொரி வெடிப்பதுபோல் டிக் டிக் சத்தம், அப்புறம் படுகுழி. அதனால் எஃப்.எம்.மில் ஒரு சின்ன இழப்பு, கனெக்டரில் நீர் இறங்கியதோ ஆன்டெனா ஒரு அடி தாழ்ந்ததோ, "முழுசாகச் செத்துவிட்டது" என்ற தோற்றத்தைத் தரும். செட்டைப் பிரிக்கும் முன் கேபிளைப் பாருங்கள்.

வண்டியில் போகும்போது மட்டும் படபடவென்று வெட்டினால் அது செட்டின் குற்றமில்லை. 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) எதிரொலிகளால் ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு பள்ளம் விழும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 16, 17 பள்ளம். போக்குவரத்து சிக்னலில் நின்றபோது குரல் போய்விட்டால் வண்டியை இரண்டு அடி நகர்த்திப் பாருங்கள்.

சிற்றலையில் அலை அலையாகக் குரல் சிதைகிறது

அயனிமண்டலம் வழியே வரும் ஏ.எம்.மில் சில நேரம் ஊர்தி அலை மட்டும் தனியாக மங்கும், பக்கப்பட்டைகள் தப்பிவிடும். விளக்கே இல்லாமல் திரி ஆட்டம் மட்டும் மிஞ்சியதுபோல் குரல் கரடுமுரடாகும். ஒத்திசைவு ஏ.எம். மோடு இருந்தால் போடுங்கள். இல்லையேல் மேல் ஒற்றைப் பக்கப்பட்டை (யு.எஸ்.பி.) மோடுக்கு மாறி, விசில் மறையும் புள்ளிவரை டியூன் செய்து கேளுங்கள்; மங்கிய ஊர்தி அலைக்குப் பதிலாக ரிசீவர் தன் சொந்த அலையை வைத்துக்கொள்ளும்.

உங்கள் குரலைப் பற்றி மற்றவர்கள் புகார் சொன்னால்

உரிமம் பெற்று அனுப்புபவர்களுக்கு மட்டும் இது. வாட் மீட்டரை ஆன்டெனா வழியில் போட்டு, பட்டனை அழுத்திப் பேசுங்கள். எஃப்.எம்.மில் முள் அசையவே கூடாது. பேச்சோடு ஆடினால் மின்வழங்கி தொய்கிறது, அல்லது ரேடியோ அலை மைக் வயருக்குள் திரும்பி வருகிறது. ஏ.எம்.மில் அசைவது இயல்பு: 4 வாட் ஊர்தி அலை 100 சதவீதப் பண்பேற்றத்தில் உச்சத்தில் 16 வாட்டைத் தொடும், ஆனால் சராசரி 6 வாட்தான். பேசும்போது முள் கீழே இறங்கினால் கோளாறு.

எஃப்.எம். ஆட்டத்தின் அளவை அளக்கத் தனிக் கருவி இல்லையென்றால் நடுக்கோட்டையே கருவியாக்கலாம். பண்பேற்றக் குறியீட்டெண் 2.405-ஐத் தொடும்போது ஊர்தி அலை முற்றாக மறையும், இது கணிதம். டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக, அலையை வெளியே விடாமல் விழுங்கும் சுமை) போட்டு, போனில் 1040 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு மைக் அருகே வையுங்கள். பக்கத்தில் டாங்கிளைத் திறந்து, தொனியின் சத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். நடுக்கோடு மங்கி மங்கி, ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் மட்டும் நிற்க, நடுவே ஓட்டை விழும். அந்த நொடியில் ஆட்டம் 2.5 கிலோஹெர்ட்ஸ். 5 வேண்டுமானால் அதே வேலையை 2080 ஹெர்ட்ஸில் செய்யுங்கள். சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஓட்டை விழவில்லை என்றால் செட்டின் உள்ளே ஆட்ட வரம்பு அதற்கும் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. "உங்கள் குரல் மெலிவு" என்று மற்றவர்கள் சொன்னது சரிதான்.